தஞ்சாவூர் சீட்டை வேண்டாம் என்றவள்

லீலாவதிக்குப் பிளஸ் டூ ரிசல்ட் வந்த அன்று, விக்கிரமங்கலத்தில் அவளைவிட அதிகமாக அலைந்தவர் அவளுடைய அப்பா முத்துவேல். சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பியவர் கடைத்தெரு, பால் சொசைட்டி, பஸ் நிறுத்தம், மாரியம்மன் கோயில் வாசல் என்று ஓர் இடம் விடாமல் நின்று சொல்லிவிட்டு வந்தார். "எம் பொண்ணு டாக்டராவப் போறா" என்பதுதான் செய்தி. மார்க் எவ்வளவு என்று கேட்டவர்களுக்கு அவரால் சரியாகச் சொல்ல முடியவில்லை. டாக்டர் என்பதில் மட்டும் அவருக்குச் சந்தேகமே இல்லை.

அது தொண்ணூற்றேழாம் வருஷம். பெரம்பலூர் தனி மாவட்டமாகி இரண்டு வருஷம் ஆகியிருந்தும், ஊரில் பாதிப்பேர் விலாசத்தில் திருச்சி மாவட்டம் என்றே எழுதிக்கொண்டிருந்தார்கள். விக்கிரமங்கலத்திலிருந்து அதுவரை எந்தப் பெண்ணும் மெட்ராஸுக்குப் போய்ப் படித்ததில்லை.

முத்துவேலுக்கு ஊர் ஓரத்தில் கொஞ்சம் மானாவாரி நிலம். கடலை போடுவார், எள் போடுவார். வரப்பை ஒட்டி முந்திரி மரங்கள் நின்றன. அவர் மனைவி சின்னப்பிள்ளைக்குப் பேச்சு குறைவு. வீட்டுக்கு வேண்டிய பேச்சு முழுவதையும் கணவரே பேசிவிடுவதால் மிச்சம் இல்லாமல் போனது என்று அக்கம்பக்கத்தில் சொல்வார்கள். முந்திரிக்கொட்டை உடைக்கும் நாட்களில் தாயும் மகளும் எதிரெதிரே உட்கார்ந்துகொள்வார்கள். லீலாவதி உடைத்தால் பருப்பு பிளக்காமல் முழுசாக வரும். "இவ கையில என்னமோ இருக்கு" என்பார் சின்னப்பிள்ளை. அதற்குமேல் அதைப் பற்றி யாரும் யோசித்ததில்லை.

அரியலூர்ப் பள்ளியில் லீலாவதிக்குப் பக்கத்து இடம் கவிதாவுடையது. தையல்கடைக்காரர் மகள். இருவரும் ஒரே புத்தகத்தைப் பங்கு போட்டுப் படித்து, ஒன்றாகவே நுழைவுத் தேர்வு எழுதினார்கள். ஒரே காலேஜில் டாக்டருக்குப் படிப்பது என்று ஒன்பதாம் வகுப்பிலேயே முடிவு செய்திருந்தார்கள். கவிதாவுக்குத் தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்தது. லீலாவதிக்கு நூலிழையில் தவறிப்போனது. அவள் மார்க்குக்கு, சென்னை அரசு பல் மருத்துவக் கல்லூரியில் பி.டி.எஸ். இருக்கிறது என்று கவுன்சிலிங்கில் சொன்னார்கள்.

"பல்லு டாக்டரும் டாக்டர்தானுங்களே சார்?" என்று முத்துவேல் அங்கிருந்த அதிகாரியிடம் கேட்டார்.

"டாக்டர்தாங்க. பேருக்கு முன்னாடி டாக்டர்னு போட்டுக்கலாம்."

அது முத்துவேலுக்குப் பாதி ஆறுதல்தான். லீலாவதி அப்பாவின் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "இப்ப இதுல சேந்துக்கறேம்ப்பா. அடுத்த வருஷம் மறுபடி பரீட்சை எழுதி எம்.பி.பி.எஸ்.ஸுக்கு மாறிக்கறேன். நெறைய பேரு அப்படித்தான் செய்யறாங்க."

ஊரில் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே டீக்கடை வைத்திருந்தவர் ஆண்டவர். முத்துவேலுக்குத் தினமும் காலை டீ அங்கேதான். செய்தியைக் கேட்டதும் அவர் டீயை ஆற்றிக்கொண்டே, "என்னாண்ணே, உடம்பு முழுசுக்கும் டாக்டர்னு சொன்னீங்க. இப்ப வாய்க்கு மட்டுந்தானா?" என்றார். கடையில் உட்கார்ந்திருந்தவர்கள் சிரித்தார்கள்.

"ஒரு வருஷம் பொறுங்க ஆண்டவரே. மாத்தி எழுதப் போறா" என்றார் முத்துவேல். டீயை மிச்சம் வைத்துவிட்டு எழுந்துவிட்டார். மறுநாளிலிருந்து சைக்கிளை மிதித்துக்கொண்டு ஊரின் அடுத்த முனையிலிருந்த கடைக்குப் போக ஆரம்பித்தார். அங்கே டீ நன்றாக இருக்காது என்பது அவருக்கும் தெரியும்.

சென்னையில் லீலாவதி முதல் மாதம் எண்ணியதெல்லாம் எம்.பி.பி.எஸ்.ஸுக்கு மாறிப் போவதைப் பற்றித்தான். ஹாஸ்டல் அலமாரியில் பிளஸ் டூ புத்தகங்களையே மேல் தட்டில் அடுக்கியிருந்தாள். அந்த எண்ணத்தில் முதல் கீறல் விழுந்தது மெழுகு வகுப்பில்.

பல் மருத்துவத்தில் முதல் வருஷப் பிள்ளைகளுக்கு மெழுகுக் கட்டியைக் கொடுத்து, அதில் பற்களைச் செதுக்கச் சொல்வார்கள். எந்தப் பல்லுக்கு எத்தனை மேடு, எங்கே பள்ளம், வேர் எந்தப் பக்கம் சாயும் என்பதெல்லாம் கையால் செய்தால்தான் மனத்தில் தங்கும். முதல் பாடம் மேல்தாடைக் கோரைப்பல். வகுப்பில் பலருடைய கோரைப்பல் கரைந்த சோப்பு மாதிரி இருந்தது. ஒரு பையனுடையது கேரட் மாதிரி இருந்தது. மேடம் மேசை மேசையாகப் பார்த்துக்கொண்டு வந்தார். லீலாவதியின் மேசையில் நின்று, அவள் செய்ததை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுக்கு முன்னாடி எங்க செதுக்கியிருக்க?"

"செதுக்கினதில்லை மேடம்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "முந்திரிக்கொட்டை உடைச்சிருக்கேன்" என்றாள்.

வகுப்பு சிரித்தது. மேடமும் சிரித்தார். லீலாவதிக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் அன்று அறைக்குத் திரும்பும்போது இன்னும் இரண்டு மெழுகுக் கட்டிகளைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனாள். அந்த வாரம் முழுவதும் கடைவாய்ப் பல்லோடு மல்லுக்கட்டினாள். அதன் மேற்பரப்பில் மழைநீர் ஓடிய வயல் மாதிரி வாய்க்கால்கள் ஓடுவதைப் பார்த்தபோது, தனக்குத்தானே சிரித்துக்கொண்டாள்.

இரண்டாவது கீறல் வெளிநோயாளிகள் பிரிவில் விழுந்தது. ஹாஸ்டலில் இருந்த சீனியர் அக்கா ஒருத்தி ஒரு நாள் வேடிக்கை பார்க்க அழைத்துப் போனாள். காசிமேட்டிலிருந்து ஒரு மீன்காரம்மா வந்திருந்தார். கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, வரிசையில் நின்ற அத்தனை பேரையும் திட்டிக்கொண்டிருந்தார். நாற்காலியில் உட்கார்ந்ததும் டாக்டரைத் திட்டினார். மரத்துப்போகும் ஊசி போட்டார்கள், பல்லை எடுத்தார்கள், பஞ்சு வைத்தார்கள். அந்த அம்மாள் எழுந்து நின்று கன்னத்தைத் தொட்டுப் பார்த்தார். நாக்கால் துழாவிப் பார்த்தார். பிறகு பஞ்சைக் கடித்தபடியே, டாக்டரை விட்டுவிட்டு, ஒன்றுமே செய்யாமல் பக்கத்தில் நின்ற லீலாவதியின் தாடையைப் பிடித்துக் கொஞ்சி, "அடுத்த வாரம் வஞ்சிரம் கொண்ணாந்து தர்றேன் கண்ணு" என்றார்.

திட்டிக்கொண்டு வந்தவர் அரை மணி நேரத்தில் சிரித்துக்கொண்டு போவதை லீலாவதி வாசல்வரை போய்ப் பார்த்துவிட்டு வந்தாள்.

இருந்தாலும் அப்பாவுக்குக் கொடுத்த வாக்கு இருந்தது. காலையில் பல் படித்தாள், மாலையில் பிளஸ் டூ பாடம் படித்தாள். அடுத்த வருஷம் மறுபடியும் நுழைவுத் தேர்வு எழுதினாள். மனம் பாதிதான் இருந்தது. மார்க் என்னவோ முழுசாக வந்துவிட்டது. இந்த முறை எம்.பி.பி.எஸ். நிச்சயம் என்று பத்திரிகையில் வந்த வரிசை எண்ணைப் பார்த்தவர்கள் சொன்னார்கள். முத்துவேல் ஒரு வருஷத்துக்குப் பிறகு ஆண்டவர் கடை வாசலில் சைக்கிளை நிறுத்தினார்.

"ஒரு டீ போடுங்க ஆண்டவரே. சக்கரை தூக்கலா."

விடுமுறையில் அரியலூருக்கு வந்திருந்த கவிதா, லீலாவதியைத் தேடி விக்கிரமங்கலத்துக்கே வந்துவிட்டாள். இருவரும் முந்திரித் தோப்பில் நடந்தார்கள். கவிதா தஞ்சாவூரைப் பற்றி மூச்சுவிடாமல் பேசினாள்.

"முதல் தடவை இதயத்தைக் கையில வாங்கினேன் லீலா. பாடத்துல படிச்ச ஒவ்வொரு அறையும் அப்படியே இருக்கு. அன்னிக்கு ராத்திரி பூரா எனக்கு வேற நெனப்பே இல்ல. நீ வந்துட்டா ஒரே ரூம்ல இருக்கலாம். வார்டன்கிட்டக்கூடச் சொல்லி வச்சிருக்கேன்."

லீலாவதிக்கு அதைக் கேட்க உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. பதிலுக்குத் தன் காலேஜைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தாள். மெழுகு, கடைவாய்ப் பல், அதன் வாய்க்கால்கள், மீன்காரம்மா. கையில் கிடந்த குச்சியால் மண்ணில் பல்லின் குறுக்குவெட்டை வரைந்து காட்டினாள். தலையை நிமிர்த்தியபோது கவிதா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னடி?"

"ஒண்ணுமில்ல. நான் இதயத்தைப் பத்திப் பேசறப்ப என் மூஞ்சி எப்படி இருந்துதுன்னு எனக்குத் தெரியாது. உன் மூஞ்சி இப்ப எப்படி இருந்துதுன்னு தெரியுது."

லீலாவதி குச்சியைக் கீழே போட்டாள். "அதுக்கில்ல கவிதா. நம்ம ஊர்ல ஒருத்தர பாம்பு கடிச்சுத் தூக்கிட்டு வந்தா நான் என்ன பண்ணுவேன்? பிரசவ வலின்னு வந்தா? பல்லப் பாத்துக்கிட்டு நிப்பேனா?"

கவிதா அந்தக் குச்சியைக் குனிந்து எடுத்தாள். "அது சரிதான்" என்றாள். "நான் வான்னும் சொல்ல மாட்டேன், வராதேன்னும் சொல்ல மாட்டேன். நீயே பாத்துக்க."

அந்தப் பாம்புக் கேள்விதான் லீலாவதியை நாலைந்து நாள் அலைக்கழித்தது. பட்டணத்து மனிதர்களுக்கு அது ஒரு கேள்வியே இல்லை. விக்கிரமங்கலத்தில் இருந்துகொண்டு அப்படி லேசாகத் தள்ளிவிட முடியவில்லை. முழு டாக்டரானால் எத்தனை பேருக்கு உதவலாம் என்று ஒரு மனம் சொல்லும். அந்தப் படிப்பை நீ விரும்பிப் படிப்பாயா, கடமைக்குப் படிப்பாயா என்று இன்னொரு மனம் கேட்கும். கடமைக்குப் படித்த டாக்டரிடம் தன்னையே ஒரு நோயாளியாக உட்காரவைத்துப் பார்த்தாள். அவளுக்குப் பிடிக்கவில்லை.

சின்னப்பிள்ளை எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். துணி துவைக்கப் போனவர் ஒரு நாள் சலவை சோப்போடு திரும்பி வந்தார். சோப்பின் ஒரு முனை அழகான முன்பல்லாக மாறியிருந்தது.

"ஏம் புள்ள, வூட்டுல இருக்கற சோப்பு எல்லாம் பல்லாப் போச்சு. நான் எதப் போட்டுத் துவைக்கறது?"

லீலாவதி சிரித்தாள். சிரிப்பு பாதியில் அழுகையானது. சின்னப்பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்தார்.

"ஒனக்கு அந்தப் படிப்பே இருக்கட்டும்னு தோணுதா?"

"ஆமாம்மா."

"அப்ப ஒங்கப்பாகிட்டச் சொல்லிரு. மெட்ராஸ் போய்ச் சேர்றதுக்குள்ள, பஸ்சுலயே சொல்லிரு. அங்க அத்தன பேரு மத்தியில சொன்னா அந்த மனுசன் தாங்க மாட்டாரு."

கவுன்சிலிங்குக்கு முந்தின நாள் காலையில் அப்பாவும் மகளும் பெரம்பலூரில் பஸ் ஏறினார்கள். முத்துவேலின் மடியில் ஒரு பெரிய அட்டைப்பெட்டி இருந்தது. அரியலூரில் சொல்லிச் செய்து வாங்கிய லட்டு. சீட் கிடைத்ததும் அங்கேயே எல்லாருக்கும் கொடுக்க வேண்டும் என்பது அவர் ஏற்பாடு. உளுந்தூர்ப்பேட்டை வரும்வரை பக்கத்து சீட்டுக்காரரிடம் அதைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார். அந்த ஆள் அங்கே இறங்கிக்கொண்டார். அதன் பிறகு ஒரு டீக்கடையில் பஸ் நின்றபோது, லீலாவதி சொல்லிவிட்டாள்.

"அப்பா, எனக்கு எம்.பி.பி.எஸ். வேண்டாம்ப்பா. நான் பல்லுக்கே படிக்கறேன்."

முத்துவேல் டீ கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். "ஏன், யாராச்சும் எதுனா சொன்னாங்களா?"

"யாரும் சொல்லல. எனக்கு அது பிடிச்சிருக்கு. காலையில எழுந்தா அந்த வேலையத்தான் கை தேடுது. நீங்க ஆசப்பட்டது எனக்குத் தெரியும். அதனாலதான் மறுபடி எழுதினேன். எழுதி, வாங்கியும் காட்டிட்டேன். ஆனா போவணும்னு மனசு வரல."

அவர் கிளாஸை வைத்துவிட்டு பஸ்ஸில் ஏறினார். பஸ் கிளம்பியது. விக்கிரவாண்டி போனது, திண்டிவனம் போனது. லீலாவதி பிறந்ததிலிருந்து அப்பா அவ்வளவு நேரம் பேசாமல் இருந்து பார்த்ததில்லை. மதுராந்தகம் ஏரியைத் தாண்டும்போது அவர் ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னார்:

"நாளைக்கு அங்க நீயே உன் வாயால சொல்லு. நான் பக்கத்துல நிக்கறேன். ஆனா நான் சொல்ல மாட்டேன்."

மறுநாள் கவுன்சிலிங் கூடத்தில் ஜனம் நிரம்பியிருந்தது. எந்தக் கல்லூரியில் எத்தனை இடம் பாக்கி என்று பலகையில் எழுதி, ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டே வந்தார்கள். லீலாவதியின் பெயரைக் கூப்பிட்டபோது, அவள் பிரிவுக்குத் தஞ்சாவூரில் ஒரே ஓர் இடம் மிச்சம் இருந்தது.

மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த அதிகாரி நிமிர்ந்து பார்த்தார். "தஞ்சாவூர் இருக்கு. எடுத்துக்கறியாம்மா?"

"வேண்டாம் சார். நான் இப்ப பி.டி.எஸ். படிக்கறேன். அதுலயே இருந்துக்கறேன்."

அதிகாரி பேனாவை வைத்துவிட்டார். "நல்லா யோசிச்சுச் சொல்லு. இந்த ஒரு எடத்துக்கு வெளியில எத்தன பேரு காத்துக்கிட்டு இருக்காங்க தெரியுமா?"

"தெரியும் சார். அவங்கள்ல ஒருத்தர் சேரட்டும்."

அதிகாரி முத்துவேலைப் பார்த்தார். "நீங்க அப்பாவா? நீங்க என்னாங்க சொல்றீங்க?"

முத்துவேல் தோளில் இருந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். பேச மாட்டேன் என்று சொன்னவர்தான். "படிக்கப் போறது அவதானுங்களே சார்" என்றார்.

அடுத்துக் கூப்பிட்ட பெண் வேறு ஊர். ஒல்லியாக, எண்ணெய் வழியும் பின்னலோடு இருந்தாள். தஞ்சாவூர் என்று பலகையில் இருப்பதைப் பார்த்தாள். அதிகாரி கேட்குமுன்பே தலையை ஆட்டினாள். பக்கத்தில் நின்ற அவள் அப்பா, வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு, அதிகாரிக்கு இரண்டு கையையும் கூப்பினார். வெளியே வந்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். அந்தப் பெண், "எதுக்குப்பா அழுவுற, கெடைச்சிருச்சுப்பா" என்று அவரை உலுக்கிக்கொண்டிருந்தாள்.

முத்துவேல் அந்த ஆளையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு நேராகப் போய் லட்டுப் பெட்டியைப் பிரித்து நீட்டினார்.

"எடுத்துக்கங்க. எம் பொண்ணுக்குன்னு வாங்கினது. இப்ப ஒங்க பொண்ணுக்குக் கெடைச்சிருக்கு. இனிப்பு இல்லாம அழுவக் கூடாது."

அந்த மனிதர் ஒன்றும் புரியாமல் ஒரு லட்டை எடுத்துக்கொண்டார். விஷயம் தெரிந்ததும் முத்துவேலைக் கட்டிக்கொண்டார். பிறகு முத்துவேலைப் பிடிக்க முடியவில்லை. வராந்தாவில் நின்றவர், உட்கார்ந்தவர், காவலாளி என்று பெட்டி காலியாகும்வரை கொடுத்தார். "எதுக்குங்க?" என்று கேட்டவர்களிடம், "எம் பொண்ணு பல்லு டாக்டருக்குப் படிக்கறா" என்றார். கடைசி லட்டைப் பிட்டு, பாதியை மகள் வாயில் வைத்தார். லீலாவதி அவர் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள்.

ஊர் அதை அவ்வளவு சீக்கிரம் ஏற்றுக்கொண்டுவிடவில்லை. கையில் வந்த சீட்டை விட்டுவிட்டு வந்த பெண் என்று ஒரு பேச்சு சுற்றி வந்தது. ஆண்டவர் கடையில், "தஞ்சாவூர் வேணாம், தாடைதான் வேணும்னுட்டாளாம்" என்று ஒரு நாள் சிரித்தார்கள். முத்துவேல் இந்த முறை எழுந்து போகவில்லை. உட்கார்ந்து, டீயை முழுசாகக் குடித்துவிட்டு, கடைவாய்ப் பல்லுக்கு எத்தனை வேர் என்று கடையில் இருந்த எல்லோரையும் கேட்டார். யாருக்கும் தெரியவில்லை. விடுமுறையில் மகளிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதை அவர் விளக்க ஆரம்பித்ததும், ஒவ்வொருவராக எழுந்து போனார்கள்.

லீலாவதி படித்து முடித்து, பயிற்சியையும் முடித்துக்கொண்டு ஊருக்கு வந்தது இரண்டாயிரத்து இரண்டில். வந்த வாரமே ஆண்டவர் மகள் சிவரஞ்சனிக்குத் திருமழபாடி கோயிலில் கல்யாணம். மாப்பிள்ளை ஜெயப்பிரகாஷ் அந்த ஊர்க்காரர்தான், மின்வாரியத்தில் வேலை. சிவரஞ்சனி பள்ளித் தோழி என்பதால் கவிதாவும் வந்திருந்தாள். அவள் அப்போது பயிற்சி டாக்டராக இருந்தாள்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் மத்தியானம் பெண் வீட்டார் திருமழபாடிக்குப் போய்ச் சேர்ந்து, சாப்பிட உட்காரும் நேரம். மாப்பிள்ளை கை கழுவத் தெருவில் இருந்த அடிபம்புக்குப் போனார். அடிபம்பின் கைப்பிடியை யாரோ வேகமாக அழுத்திவிட்டுச் சட்டென்று விட, அது துள்ளி எழுந்து குனிந்திருந்தவரின் வாயில் அடித்தது. உதடு கிழிந்து சட்டையெல்லாம் ரத்தம். முன்பல் ஒன்று வேரோடு வந்து மண்ணில் விழுந்துவிட்டது.

கூச்சல் கேட்டு எல்லாரும் ஓடினார்கள். "டாக்டர் பொண்ணு வந்திருக்குல்ல, கூப்பிடுங்க" என்று யாரோ கத்த, கவிதாவைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்கள். கவிதா மாப்பிள்ளையின் வாயைத் திறந்து பார்த்துவிட்டு, சுத்தமான துணியை உதட்டில் வைத்து அழுத்தினாள். உடனே திரும்பி, "இது என் வேலை இல்லீங்க. லீலாவதி எங்க? லீலாவதியக் கூப்பிடுங்க" என்றாள்.

அதற்குள் மாப்பிள்ளையின் அத்தை பொன்னாயி கீழே கிடந்த பல்லைத் தேடி எடுத்துவிட்டார். ஒரு கையில் பல், இன்னொரு கையில் சாணி. சின்னப் பிள்ளைகளுக்குப் பல் விழுந்தால் சாணியில் பொதிந்து கூரைமேல் எறிவது வழக்கம். எறிந்தால் புதுப்பல் முளைக்கும். லீலாவதி தாழ்வாரத்திலிருந்து பார்த்தபோது அவர் கூரையை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"அத்தை, எறிஞ்சிராதீங்க. சாணி படாம அத அப்படியே எங்கிட்டக் குடுங்க."

"இதயா? இது விழுந்த பல்லும்மா."

"விழுந்ததத் திரும்ப வச்சிரலாம். யாராச்சும் ஒரு டம்ளர் பால் கொண்டாங்க, காய்ச்சி ஆறினது."

லீலாவதி பல்லின் வெள்ளைப் பக்கத்தை மட்டும் விரல்நுனியில் பிடித்து, வேரைத் தேய்க்காமல் பாலில் அலசினாள். ஜெயப்பிரகாஷின் தலையைச் சுவரில் சாய்த்துவைத்து, "ஒரு நிமிஷம் வலிக்கும், பொறுத்துக்கங்க" என்று சொல்லி, பல்லை அதன் குழியில் வைத்து மெதுவாக, ஆனால் உறுதியாக அழுத்தினாள். பல் உட்கார்ந்தது. மடித்த கைக்குட்டையைக் கொடுத்து, "இதக் கடிச்சுக்கங்க. பேசாதீங்க. அரியலூர் போய்க் கம்பி போட்டுட்டு வந்துரலாம்" என்றாள்.

ஆண்டவர் வேனைப் பிடித்துக்கொண்டு வந்தார். "பாப்பா, விடிஞ்சா முகூர்த்தம்மா" என்றார்.

"விடியறதுக்கு நெறைய நேரம் இருக்குங்க மாமா. வாங்க."

அரியலூரில் பல் மருத்துவமனை வைத்திருந்த டாக்டர், விஷயத்தைக் கேட்டுவிட்டு நாற்காலியை லீலாவதிக்கே விட்டுக்கொடுத்தார். அவள் அந்தப் பல்லைப் பக்கத்துப் பற்களோடு மெல்லிய கம்பியால் பிணைத்தாள். கவிதா உதட்டில் தையல் போட்டு, டெட்டனஸ் ஊசியும் போட்டாள். ஒன்பதாம் வகுப்பில் போட்ட திட்டம் இப்படி ஒரு நாற்காலிக்கு இரண்டு பக்கமும் நின்று நிறைவேறும் என்று இருவரும் எண்ணியதில்லை. கை வேலையாக இருக்கும்போதே ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். வாயைத் திறந்தபடி கிடந்த மாப்பிள்ளைக்கு எதற்கு என்று தெரியவில்லை.

இருட்டுவதற்குள் வேன் திருமழபாடிக்குத் திரும்பிவிட்டது. மறுநாள் காலை மணவறையில் ஜெயப்பிரகாஷின் மேலுதடு வீங்கித்தான் இருந்தது. தாலி கட்டும்போது சிவரஞ்சனி அதைப் பார்த்துச் சிரிப்பை அடக்க முடியாமல் குனிந்துகொண்டாள். அவரும் சிரிக்கப் பார்த்து, வலித்து, நிறுத்திக்கொண்டார். முன்பல்லால் எதையும் கடிக்கக் கூடாது என்று உத்தரவு. பாலும் பழமும் கொடுக்கும் சடங்கில், "இன்னிக்குச் சாப்பாடே இதான் மாப்ள, நல்லா வாங்கிக்கங்க" என்று பெண்கள் கேலி செய்தார்கள்.

பந்தியில் ஆண்டவர் முத்துவேலுக்குத் தானே வந்து பாயசம் ஊற்றினார். பக்கத்து இலைக்காரரிடம், "இவரு பொண்ணுதான். எங்க ஊரு டாக்டரு" என்றார்.

முத்துவேல் நிமிர்ந்து பார்த்தார். "பல்லு டாக்டர்னு முழுசாச் சொல்லுங்க ஆண்டவரே."

கல்யாணத்துக்கு வந்தவர்கள் மூலமாக அந்தப் பல் கதை கொள்ளிடக்கரை முழுக்கப் பரவியது. அடுத்த வருஷம் அரியலூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்து மாடியில் லீலாவதி தன் கிளினிக்கைத் திறந்தபோது, "விழுந்த பல்ல ஒட்டற அம்மா இங்கதானே?" என்று கேட்டுக்கொண்டுதான் ஆட்கள் படியேறினார்கள். முதல் சில மாதங்களில், என்றோ விழுந்த பற்களைத் துணியில் முடிந்து கொண்டுவந்தவர்களுக்கு அது முடியாது என்று புரியவைப்பதே பெரிய வேலையாக இருந்தது.

அவளைப் பெண் பார்க்க வந்த செல்லக்கண்ணு ஜெயங்கொண்டத்தில் பள்ளிக்கூட வாத்தியார். அவர் முகத்தை அவள் சரியாகப் பார்க்கவில்லை. சிரித்தபோது தெரிந்த தெற்றுப்பல்லைத்தான் பார்த்தாள். "பையன் எப்படி?" என்று உள்ளே வந்ததும் சின்னப்பிள்ளை கேட்டார். "நல்ல ஈறும்மா" என்றாள் லீலாவதி. கல்யாணத்துக்குப் பிறகு இதைக் கேள்விப்பட்ட செல்லக்கண்ணு, பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். தெற்றுப்பல்லைச் சரிசெய்ய மட்டும் அவள் ஒப்புக்கொள்ளவில்லை. அது அழகாக இருக்கிறதாம்.

கவிதா பெரம்பலூர்ப் பக்கம் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் சேர்ந்து ஏதாவது ஓர் ஊரில் முகாம் போட்டார்கள். ஏலாக்குறிச்சியில் போட்ட முகாமுக்கு, அங்கே மாதா கோயிலுக்கு பஸ்ஸில் வந்த ஜனமும் வரிசையில் நின்றுவிட்டது. பாம்புக்கடிக்குக் கவிதா இருக்கிறாள், பல்லுக்கு நான் இருக்கிறேன் என்று லீலாவதி சொல்வாள். பழைய கேள்விக்கு இது முழுப் பதில் இல்லை என்று அவளுக்குத் தெரியும். ஆனால் இதை வைத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்க முடிந்தது.

அரியலூர் மறுபடியும் தனி மாவட்டமான வருஷம், இரண்டாயிரத்து ஏழு, ஒரு நாள் சின்னப்பிள்ளை போன் செய்தார். "ஒங்கப்பா நாலு நாளா ஒரு பக்கமாவே சோறு திங்கறாரு. கேட்டா ஒண்ணுமில்லங்கறாரு. கிராம்ப ஒளிச்சு வச்சு மெல்றாரு."

லீலாவதி ஞாயிற்றுக்கிழமை போய்க் கையோடு அழைத்து வந்தாள். பத்து வருஷமாக மகளின் தொழிலைப் பற்றி ஊரெல்லாம் பேசிய முத்துவேல், கிளினிக் நாற்காலியைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"பாப்பா, இது தானா சரியாப் போயிரும்."

"போவாதுப்பா. வந்து உக்காருங்க."

"ஊசி எத்தாம் பெருசு?"

"கண்ண மூடிக்கங்க, பெருசாத் தெரியாது."

அவர் கண்ணை மூடி, முருகனைக் கூப்பிட்டார், தன் குலதெய்வத்தைக் கூப்பிட்டார். பிறகு வாயைத் திறந்துகொண்டு, விடாமல் ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தார். லீலாவதி தன் வேலையைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் கழித்து அவர் ஒரு கண்ணைத் திறந்து, "எப்ப ஆரம்பிக்கப் போற?" என்று குழறினார்.

"எடுத்தாச்சுப்பா. பஞ்சக் கடிச்சுக்கங்க."

அவர் நம்பவில்லை. எழுந்து கண்ணாடியில் வாயைப் பிளந்து பார்த்தார். தட்டில் கிடந்த பல்லைப் பார்த்தார். வெளியே காத்திருந்த எல்லாரிடமும் போய், தன் வாயைத் திறந்து காட்டிவிட்டு வந்தார்.

மாலையில் ஐஸ்கிரீம் சாப்பிடலாம், ரத்தம் நிற்க நல்லது என்றாள் லீலாவதி. அவளே கிளினிக்கைப் பூட்டிவிட்டுக் கடைவீதிக்கு அழைத்துப் போனாள். முத்துவேல் கப்பை உள்ளங்கையில் ஏந்தி, மரக்கரண்டியால் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து, எடுக்காத பக்கமாகச் சாப்பிட்டார். முடித்துவிட்டுக் கப்பின் அடியைப் பார்த்தார்.

"இன்னொண்ணு சாப்பிடலாமா டாக்டரம்மா?"

"சாப்பிடுங்க" என்று சொல்லிவிட்டு, லீலாவதி தனக்கும் ஒன்று வாங்கிக்கொண்டாள்.